ஆகஸ்ட்டில் மாட்டிய படங்கள்: ஊட்டியில் நாங்கள் நடத்திய ஒரு கண்காட்சியின் கதை

மூன்றாம் நாள் காலை ஏழேகால் மணிக்கு மண்டபக் கதவைத் திறந்தபோது, ஈரக் கம்பளியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை அடித்தது. லைட்டைப் போட்டேன். சுவரோரத் தரையில் நூல் பிடித்தாற்போல ஒரு தண்ணீர்க் கோடு. தலையைத் தூக்கினால், வரிசையாக மாட்டியிருந்த ஃப்ரேம்களின் கண்ணாடி எல்லாம் குளித்து முடித்த குளியலறைக் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. கைக்குட்டையால் முதல் ஃப்ரேமைத் துடைத்தேன். வெளிப்பக்கம் தெளிந்தது, உள்பக்கம் தெளியவில்லை. காட்டெருமையின் முதுகில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பளபளவென்று ஒரு வட்டம். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று ஆகஸ்ட் 19. உலகப் புகைப்பட தினம்.

கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இதேபோல் கண்காட்சி வைக்க நினைக்கும் நண்பர்கள் இரண்டு பேர், "என்னதான் ஆச்சு, முழுசா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எங்கள் புகைப்படக் குழுவின் வரவுசெலவைப் பார்ப்பவன் நான். பிழைப்புக்குக் கல்யாண போட்டோ. நடந்த தப்பில் பாதி என் கையால் நடந்தது என்பதால் எழுதும் கடமையும் என் தலையில்தான் விழ வேண்டும்.

குழுவும் தேதியும்

நாங்கள் 34 பேர். கேமரா வைத்திருப்பவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மூன்று பேர், வெலிங்டனில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர், டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டும் இரண்டு தம்பிகள், என்னைப் போல ஸ்டூடியோக்காரர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சேரிங் கிராஸ் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். கூடிவிட்டு மார்க்கெட்டுக்குள் ஒரு நடை, அல்லது கேத்திப் பள்ளத்தாக்கு, அல்லது குன்னூர் ஸ்டேஷன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் குன்னூர் வரைதான் நீராவி, அதற்கு மேல் டீசல். அதனால் புகை வேண்டும் என்பவர்களுக்குக் குன்னூர்தான் கடைசி வாய்ப்பு.

பதினோரு ஆண்டுகள் இப்படியே ஓடியது. ஒரு கண்காட்சிகூட வைத்ததில்லை. ஜனவரிக் கூட்டத்தில் யாரோ ஆரம்பிக்க, எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. எப்போது வைப்பது? "ஆகஸ்ட் 19 இருக்கே" என்றார் ஆசிரியர் ஒருவர். 1839-இல் அந்த நாளில்தான் டாகேர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு இலவசமாக அறிவித்தது. போட்டோகிராபர்களுக்கு அது பொங்கல் மாதிரி. ஒருவரும் மறுக்கவில்லை.

பாரிஸில் ஆகஸ்ட் கோடைகாலம். ஊட்டியில் ஆகஸ்ட் என்றால் என்ன என்று இந்த மலையில் பிறந்து வளர்ந்த 34 பேருக்கும் தெரியும். பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வாரம் சாலைகள் சரிந்ததைப் படம் எடுத்து பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர்களே எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களும் கையைத் தூக்கித்தான் ஓட்டுப் போட்டார்கள். லென்ஸில் பூஞ்சை வரும் என்று கேமராவைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு பூட்டி வைக்கிற மாதத்தில், படங்களை மட்டும் வெளியே எடுத்துச் சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது.

கூட்டுக்கு மூன்று மணி நேரம்

தேர்வுக்கு வந்தவை 212 படங்கள். 43 படங்களை எடுத்துக்கொள்வது என்று முடிவு. அதில் 28 பறவை, விலங்கு. நீலகிரியில் கண்காட்சி வைத்தால் அப்படித்தான் ஆகும். முதுமலைச் சாலையில் யானை, குன்னூர்த் தேயிலைக்குள் காட்டெருமை, நீலகிரிச் சிரிப்பான் எல்லார் கேமராவிலும் இருக்கும்.

தேர்வு நாளன்று பெரிய சண்டை ஒரு பறவைக் கூட்டின் படத்தின் மேல் வந்தது. ஈ பிடிப்பான் ஒன்று குஞ்சுக்கு இரை ஊட்டும் படம். வெளிச்சம், கூர்மை, நேரம் எல்லாம் கச்சிதம். ஆனால் கூட்டுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய இலைகளைக் காணோம். யாராவது கிள்ளி ஒதுக்கினார்களா? எடுத்தவர் இல்லை என்றார். கூட்டின் மறைப்பைக் கலைத்தால் காக்கை கண்டுபிடித்துவிடும், ஆள் நடமாட்டம் கண்டால் தாய்ப்பறவை திரும்பாமலும் போகலாம். அதனால்தான் பல போட்டிகளில் கூட்டுப் படமே வேண்டாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் பேசினோம். கடைசியில் நீக்கினோம். எடுத்தவர் கோபித்துக்கொண்டு போனார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடித்தோம்.

அதே மேசையில் அடுத்து வந்தது ஒரு தோடர் பழங்குடிப் பாட்டியின் படம். பூத்துக்குளி என்கிற பூவேலைப் போர்வையைப் போர்த்தி, கண்ணைத் தாழ்த்தி, பின்னால் அடுப்புப் புகையில் வெளிச்சம் இறங்குகிறது. "அடடா" என்றோம். ஒரு நிமிடத்தில் தேர்வானது. அளவு இருபதுக்கு முப்பது அங்குலம், நுழைவாயிலுக்கு நேர் எதிரே. யார் அந்தப் பாட்டி, எந்த மந்து (தோடர் குடியிருப்பு), படத்தை மாட்டலாமா என்று கேட்டார்களா? இந்தக் கேள்வி எழவே இல்லை. எடுத்தவரைக் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு பண்டிகை நாளில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் எடுத்த படம் அது.

ஒன்பது பழைய படங்கள்

மண்டபத்தின் இடது மூலையில் ஒரு சுவர் மிஞ்சியது. அதை நிரப்பத்தான் பழைய படங்கள் என்ற யோசனை வந்தது. பின்னால் அந்த மூலைதான் எல்லாமாக ஆகிவிட்டது என்றாலும், ஆரம்பத்தில் அது வெறும் இட்டு நிரப்பல்.

ஊட்டிக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு இந்த மாநிலத்தில் வேறெந்த ஊருக்கும் வாய்க்காதது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஏ. டி. டபிள்யூ. பென் என்ற வெள்ளைக்காரர் இங்கே ஸ்டூடியோ நடத்தியிருக்கிறார். அதைவிடப் பெரியது, நம் நாட்டின் ஃபிலிம் தொழிற்சாலை இங்கே இருந்தது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம், 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிம் பூசும் வேலைக்குத் தூசி ஆகாது, வெப்பம் ஆகாது. குளிரும் சுத்தமான காற்றும் தண்ணீரும் இருந்த மலைக்கு ஆலை வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் ஆல்பத்திலும் ஆஸ்பத்திரி உறையிலும் இந்த ஊர்ச் சரக்குதான் இருக்கிறது. 1996-இல் நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பிறகு மூடப்பட்டது. பெயர் மட்டும் இந்து நகர் என்று பஸ் போர்டில் நிற்கிறது.

அங்கே ஃபிலிம் பூசும் பிரிவில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பேத்தி கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். அதில் இருந்த ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் எனக்கு விடுவதற்கு மனம் வரவில்லை. 1974. குவார்ட்டர்ஸ் வாசல். அவருடைய அம்மா முக்காலியில், அவரும் மனைவியும் பின்னால், கைக்குழந்தை அசைந்ததால் முகம் மட்டும் கலங்கி. பின்னணியில் யூக்கலிப்டஸ். ஓரத்தில் நெளி வெட்டு வைத்த பளபளப்புக் காகிதம்.

"உள்ள எல்லாம் கும்மிருட்டு தம்பி. எதிர்ல ஆள் வர்றது தெரியாது, அதனால சும்மா சும்மா இருமிக்கிட்டே நடப்போம். வீட்டுக்கு வந்தும் இருமிக்கிட்டே நடப்பேன், எங்கம்மா கசாயம் வெச்சுக் கொடுத்துரும்" என்றார்.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு போ என்றுதான் அவர் சொன்னார். நான்தான், "ஒரிஜினலைப் பார்த்தாத்தாங்க ஐயா ஜனங்களுக்குப் புரியும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இப்படி நான்கு வீடுகளிலிருந்து ஒன்பது படங்கள்.

மிச்சம் பிடித்த 6,240 ரூபாய்

ஃப்ரேம் கடையில் விலை பேசியபோது மவுண்ட் போர்டு போட ஒன்றுக்கு 120 ரூபாய் கூட என்றார்கள். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் தடித்த அட்டை அது. நாங்கள் அதை அழகுக்கு என்று நினைத்தோம். 52 ஃப்ரேமுக்கு 6,240 ரூபாய். கணக்குப் பார்ப்பவன் நான், வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் வாசலுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தோம்.

அந்த அட்டைக்கு வேறொரு வேலை இருக்கிறது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை அதுதான் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் படத்தின் முகம் நேராகக் கண்ணாடியில் அழுந்தி இருக்கும்.

மண்டபம் பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம். இரண்டடிச் சுவர், தகரக் கூரை. இரண்டு மாதமாக மழையில் நனைந்த சுவரில் ஃப்ரேம்களை முதுகு படிய ஆணியில் மாட்டினோம். சனிக்கிழமை நல்ல கூட்டம். கோவையிலிருந்துகூட, மலையேற வண்டிக்கு வேண்டிய இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். குடை, ரெயின்கோட், நனைந்த ஸ்வெட்டர். குளிர்கிறது என்று வயதானவர்கள் சொன்னதால், சாமியானா கடையில் இரண்டு கேஸ் ஹீட்டர் வாடகைக்கு எடுத்து நடுவில் வைத்தோம். நான்கு மணிக்குப் போட்டால் ஒன்பது மணிக்கு அணைப்போம். ஜன்னலைத் திறந்தால் சாரல் அடித்ததால் எல்லாவற்றையும் சாத்தியிருந்தோம். நல்ல கதகதப்பு. எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள்.

"பேரே போடலையே, அண்ணா"

ஞாயிறு மதியம் கல்லூரி மாணவிகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண் நுழைவாயில் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஒரு சுற்று முடித்து வந்தும் அவள் நகரவில்லை. நான் பக்கத்தில் போய், படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். இப்போதும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் கூசுகிறது.

"எங்க பாட்டிங்க இது" என்றாள்.

கீழே இருந்த அட்டையைக் குனிந்து படித்தாள். 'தோடர் மூதாட்டி, நீலகிரி.' அதன் கீழே எடுத்தவரின் பெயர், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம். அதற்கும் கீழே சின்னதாக: விலை ரூ. 4,500.

"லென்ஸுக்குக்கூடப் பேர் போட்டிருக்கீங்க. பாட்டிக்குப் பேரே போடலையே, அண்ணா?"

குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்தவர் அங்கேயே இருந்தார், மன்னிப்புக் கேட்டார், பண்டிகையில் எடுத்தது என்று ஏதேதோ சொன்னார். முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் பண்டிகை நடக்கும்போது படம் எடுக்க வருபவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடனமாடுபவர்களைவிடக் கேமராக்கள் நெருக்கியடிக்கும். அந்த நெருக்கத்தில் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.

தோடர்களைப் படம் பிடிப்பது இந்த மலையில் 150 ஆண்டுப் பழக்கம். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் எழுதி 1873-இல் வந்த நூலிலேயே அவர்களுடைய படங்கள் இருக்கின்றன. அந்தக் கால ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் எடுத்திருக்கிறார், பென் எடுத்திருக்கிறார். அந்தக் காலத்துப் படங்களின் கீழே 'தோடர் குழு', 'தோடர் மந்து' என்று எழுதியிருப்பார்கள். கேமரா எவ்வளவோ மாறிவிட்டது. படத்துக்குக் கீழே எழுதுகிற வரி மட்டும் எங்கள் மண்டபத்திலும் அதேதான்.

விலைச்சீட்டை உடனே கிழித்தோம். படத்தையும் இறக்கிவிடவா என்று கேட்டேன். "பாட்டியைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, தன் போனில் அந்தப் படத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றிவிட்டோம். அடுத்த நாள் அந்த ஆணி மட்டும் வாசலுக்கு நேரே நின்றது. கழற்றியதால் ஈரத்திலிருந்து தப்பிய பெரிய படம் அது ஒன்றுதான் என்பது வேறு கதை.

திங்கள்கிழமை

மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன். 52 ஃப்ரேமில் 16 ஒட்டியிருந்தன. அவற்றில் பதினான்கு எங்கள் லேப் பிரிண்ட். இரண்டு, பழைய சுவரில் இருந்தவை. பெரியவரின் 1974 படம் அதில் ஒன்று.

நான் அடுத்துச் செய்ததை இப்போது யார் செய்யப் போனாலும் கையைப் பிடித்துத் தடுப்பேன். பின்பக்க ஹார்டுபோர்டைக் கழற்றி, மேல் மூலையில் ஷேவிங் பிளேடை மெல்ல நுழைத்து நெம்பினேன். சத்தமே இல்லாமல் வந்தது. என்ன வந்தது என்று பார்த்தால், காகிதம் என் கையில், வானத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கண்ணாடியில். யூக்கலிப்டஸ் மரத்தின் கொண்டை போய்விட்டது. அதோடு நிறுத்தினேன். வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

குன்னூரில் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டோம். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தார், பிளேடு பட்ட இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு இந்த வேலை பார்த்தது?"

"நாந்தாங்க."

"கிளேசிங் பண்ணியிருக்கியா எப்பவாவது?"

இல்லை என்றேன். அவர் சொன்ன விளக்கத்தில்தான் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. புகைப்படக் காகிதத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மாட்டின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுக்கிற அதே ஜெலட்டின். வெள்ளித் துகளோ சாயமோ, படம் எதனால் ஆனாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பூச்சுதான். ஈரம் குடித்தால் உப்பும், இளகும், பசையாகும். எதன் மேல் அழுந்திக் காய்கிறதோ அதன் வழவழப்பை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பளபளப்பு வர வேண்டும் என்று ஈரப் பிரிண்ட்டைக் குரோமியத் தகட்டில் முகம் குப்புற ஒட்டிச் சூடாக்குவார்கள், காய்ந்ததும் பட்டென்று உரிந்து வரும். அதுதான் கிளேசிங். "நீங்க கண்ணாடியில கிளேசிங் போட்டுட்டீங்க. ஆனா இது உரிஞ்சு வராது" என்றார்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கூரை ஒழுகவில்லை. மழை உள்ளே வரவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் வேதியியல் ஆசிரியர். சமையல் கேஸ் எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் வரும். ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர். இரண்டு ஹீட்டரும் இரண்டு சாயங்காலமும் சேர்ந்து நான்கு கிலோவுக்குக் குறையாமல் குடித்திருக்கின்றன. அதாவது, சாத்திய மண்டபத்துக்குள் நாங்களே ஆறு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கித் தெளித்திருக்கிறோம். நனைந்த ஸ்வெட்டரும் நூறு பேர் மூச்சும் தனி. ஒன்பது மணிக்கு ஹீட்டரை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனோம். வெளியே பதினோரு, பன்னிரண்டு டிகிரி. அறையில் முதலில் சில்லிடுவது அந்தக் கல் சுவரும் அதில் முதுகு ஒட்டிய ஃப்ரேம்களும். காற்றில் இருந்த ஆவி எல்லாம் தேடிப்போய் அங்கே படிந்தது. எதிர்ப்பக்கத்தில், பலகைத் தடுப்பில் மாட்டியிருந்த படங்களில் ஒன்றுகூட ஒட்டவில்லை. இது ஒன்றே போதும், குற்றவாளி யார் என்று சொல்ல.

மழைமேல் பழி போட்டுவிடலாம் என்றுதான் அன்று காலை எல்லோரும் நினைத்தோம். மழைக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். மவுண்ட் போட்டிருந்தால், அல்லது ஃப்ரேமின் பின்னால் நான்கு மூலையிலும் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டிக் காற்றுப் போக வழி விட்டிருந்தால், அல்லது ஹீட்டருக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சுக்குக் காபி கொடுத்திருந்தால், ஆகஸ்ட்டிலும் தப்பித்திருப்போம்.

லேப் பிரிண்ட்களைக் கண்ணாடியோடு சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்ததில் ஒன்பது கழன்று வந்தன. வராதவற்றை மறுபடி பிரிண்ட் போட்டோம், அதற்குப் பணம்தான் செலவு. பழைய படங்களில் கை வைக்கவே கூடாது என்று குன்னூர்ப் பெரியவர் சொல்லிவிட்டார். நெம்பக் கூடாது, சூடு காட்டக் கூடாது, ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும், கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே செய்தோம். கேமராவை நேர் மேலே வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு விழாது.

இரண்டு வீடுகள்

பாட்டியின் மந்துக்குப் போனது செப்டம்பர் கடைசியில். படம் எடுத்தவர், நான், அந்தப் பெண். இருபதுக்கு முப்பது பிரிண்ட்டைப் புதிய ஃப்ரேமில், இந்த முறை மவுண்ட் போட்டு, எடுத்துப் போயிருந்தோம். பாட்டி நீண்ட நேரம் பார்த்தார். பேத்தியிடம் தோடா மொழியில் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

"கண்ணை மூடிட்டு இருக்கேனாம். செத்துப் போன மாதிரி இருக்காம்."

நாங்கள் 'அடடா' போட்ட அதே தாழ்ந்த கண்கள்.

அப்புறம் பாட்டி உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து புதிய பூத்துக்குளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புகூர் என்கிற தையல் வேலை, மடிப்புக்கூடக் கலையாதது. பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, விறைப்பாக, கேமராவை நேராகப் பார்த்து நின்றார். உச்சி வெயில். முகத்தில் கெட்டியான நிழல். எங்கள் குழுவில் வைத்தால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவோம். அந்தப் படம்தான் அவர் வீட்டில் இப்போது மாட்டியிருக்கிறது. பெரிய படத்தைக் கண்காட்சிக்கு வேண்டாம் என்றார்; சரி என்றோம்.

இதற்குப் பிறகு குழுவில் ஒரு விதி போட்டோம்: முகம் தெரிகிற படம் என்றால் பெயரும் சம்மதமும் இல்லாமல் மாட்டுவதில்லை. பெயர் வேண்டாம் என்று அவர்களே சொன்னால் அது அவர்கள் விருப்பம். நான்கு பேர் வெளியேறினார்கள். தெருவில் எடுக்கும் படத்துக்கு எப்படிப் பெயர் கேட்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு மூன்று மணி நேரம் பேசியவர்கள் நாங்கள்.

இரண்டாவது வீட்டுக்கு, 1974 படம் கொடுத்த பெரியவரிடம், நான் தனியாகப் போனேன். கண்காட்சி முடிந்த மறுநாளே போயிருக்க வேண்டும். ஆறு நாள் தள்ளிப் போட்டேன். ஃப்ரேமைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துப் போய், மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். பிளேடையும் சொன்னேன். பெரியவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நான் ஸ்கேன் எடுத்துக்கன்னு சொன்னேனே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி டீ வைத்தார். குடித்தேன், ருசி தெரியவில்லை.

கிளம்பும்போது, "அந்த டின்னை எடு" என்றார். படங்களுக்கு அடியில் பட்டர் பேப்பரில் சுற்றிய நெகட்டிவ்கள். திறந்ததும் வினிகர் நெடி மூக்கைத் தாக்கியது. பழைய அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வருகிற நெடி அது. சில நெகட்டிவ்கள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. அவர் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்து ஒன்றை நீட்டினார். முக்காலி, கைக்குழந்தை, மரம். பூஞ்சை வேர்விட்டு ஓரத்திலிருந்து வானம் முழுக்கப் பரவி, ஒரு இழை மட்டும் கீழே இறங்கியிருந்தது.

ஜனவரி

இரண்டாவது கண்காட்சியை ஜனவரியில் வைத்தோம். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் மாதம். குளிர் எலும்பைக் கடிக்கும், ஆனால் வானம் நீலம், காற்றில் ஈரமில்லை. இந்து நகர் பக்கத்தில் ஒரு சிறு கூடம். ஹீட்டர் இல்லை, சுக்குக் காபி உண்டு. பறவை, விலங்கு பன்னிரண்டோடு சரி. மீதி எல்லாம் வீட்டுப் படங்கள். ஒரிஜினல் எதையும் வாங்கவில்லை. வாசலில் ஒரு மேசை போட்டு ஸ்கேனர் வைத்தோம். கொண்டு வருபவர்கள் நிற்க நிற்க ஸ்கேன் செய்து படத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். இரண்டு நாளில் 140 படங்கள் வந்தன. ஆலையில் வேலை பார்த்தவர்கள் கையில் ஆல்பத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் நிற்கும்போது பேசிக்கொண்டதைப் பதிவு செய்யாமல் விட்டோமே என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டோம்.

பெரியவரின் நெகட்டிவை நான் ஸ்கேன் செய்து பெரிய பிரிண்ட் போட்டிருந்தேன். பூஞ்சை ஓட்டத்தை அப்படியே விட்டுவிடலாம், அதுவும் காலத்தின் தடம்தான் என்று குழுவில் ரொம்பப் பேர் சொன்னார்கள். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. ஆனாலும் முதலில் அவரிடம் காட்டினேன்.

"இந்தக் கோட்டை எடுத்துரு தம்பி. அம்மா மூஞ்சில படுது."

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடுத்தேன். கன்னத்தில் இருந்த கோடு போனது, வானத்தில் இருந்தது பாதி போனது. யூக்கலிப்டஸ் கொண்டை திரும்பி வந்தது. திறப்பு நாளன்று அவர் மகனோடு வந்தார். மற்ற படங்களைப் பார்க்கவில்லை, நேராக இதனிடம் வந்தார். அம்மாவைப் பார்ப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, மரத்துக்கு மேலே, ஃபிலிமின் பொடிப்புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லாத சாம்பல் நிற வானத்தில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கிரெயின் பாரு, எவ்வளவு சீரா விழுந்திருக்கு" என்றார் மகனிடம். "எங்க ஷிப்ட்ல போட்டதாத்தான் இருக்கும்."